திங்கக்கிழமை சாட்டை

என் ரூம்மேட் நாகர்கோவில்காரன். ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணி வாக்குல அவங்க அம்மாகிட்ட இருந்து போன் வரும். "மக்ளே, கோயிலுக்குப் போனியா?" அவங்க ஊர்ப்பக்கம் சர்ச்சையும் கோயில்னு தான் சொல்வாங்க. இவன் போயிருக்க மாட்டான். வேளச்சேரி தாண்டி ஒரு அடுக்குமாடி கட்டுற இடத்துல, தகர ஷெட்டுக்கு வெளியே உக்காந்து, வேலைக்கு வந்தவங்களோட பிள்ளைங்களுக்கு கணக்கு சொல்லிக் குடுத்துட்டு இருப்பான். ரெண்டு வருஷமா, ஒரு வாரம் விடாம.

அம்மாவுக்கு அதுல கோபம் கிடையாது. "அதெல்லாம் நல்ல காரியந்தான், ஆனா மொதல்ல கோயிலு" என்பது அவங்க கட்சி. "பசிச்சவனுக்கு சோறு போட்டியான்னு தான் ஆண்டவர் கேப்பாரு, அட்டெண்டன்ஸா எடுக்கப் போறாரு?" என்பது இவன் கட்சி. ஒருநாள் ஸ்பீக்கரைப் போட்டு என்னை நாட்டாமை ஆக்கிட்டாங்க ரெண்டு பேரும். நான் ஒரு நொடி கூட யோசிக்கல. "உதவி தாம்மா பெருசு, இதுல என்ன இருக்கு"ன்னு சொல்லிட்டேன். வருஷத்துக்கு ரெண்டு தடவை கோயிலுக்குப் போய், அதுவும் சர்க்கரைப் பொங்கல் வாங்கிட்டு வர்றவனுக்கு இப்படி தீர்ப்பு சொல்றது ரொம்ப ஈஸி :)

அதுக்கு அப்புறம் பெஞ்சமின் லே என்ற ஒரு ஆளைப் பற்றிப் படிச்சேன். அதுல இருந்து அந்த தீர்ப்பு கொஞ்சம் உறுத்திட்டே இருக்கு.

லே 1682ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில காப்ஃபோர்டுங்கற ஊர்ல பிறந்தவர். உயரம் நாலடிக்கு கொஞ்சம் மேல. முதுகு கூன். ஆடு மேய்ச்சிருக்கார், கையுறை தைச்சிருக்கார், அப்புறம் பன்னிரண்டு வருஷம் போல கப்பல்ல மாலுமியா இருந்திருக்கார். பரம்பரையா க்வேக்கர் குடும்பம்.

இந்த க்வேக்கர்ஸ் யாருன்னு இங்க சொல்லியே ஆகணும், இல்லைன்னா மீதிக் கதை புரியாது. 1650கள்ல ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவர் இங்கிலாந்தில் தொடங்கின கிறிஸ்தவ இயக்கம். பாதிரியார் கிடையாது, பலிபீடம் கிடையாது, பாட்டு கிடையாது. பெஞ்சு போட்டு எல்லாரும் அமைதியா உக்காந்திருப்பாங்க. யாருக்காவது உள்ளேருந்து ஏதாவது தோணினா எழுந்து பேசலாம், பெண்கள் உட்பட. அந்தக் காலத்துல இது எவ்ளோ பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. வழிபாட்டுக்கு அவங்க வெச்ச பேரே 'மீட்டிங்' தான். (வாரம் முழுக்க மீட்டிங்ல உக்கார்ற நமக்கு இந்த மதம் பழக்கப்பட்ட மாதிரியே இருக்கும்.) இது போக நிர்வாகத்துக்குன்னு தனி மீட்டிங்குகள். மாசத்துக்கு ஒண்ணு, காலாண்டுக்கு ஒண்ணு, வருஷத்துக்கு ஒண்ணு. இதுல முக்கியமான விதி, ஓட்டெடுப்பே கிடையாது. எல்லாரும் ஒரு மனசா வர்ற வரைக்கும் முடிவு இல்லை. ஒரு எழுத்தர் இருப்பார். கூட்டத்தோட மனநிலை இதுதான்னு அவருக்குப் படும்போது அதை எழுதிக்குவார். ஒருத்தர் ரொம்பத் தகராறு பண்ணினா, அவர் எங்க ஆள் இல்லைன்னு எழுத்துல கைகழுவி விட்டுடுவாங்க.

லே 1718ல் சாராவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். சாராவும் அவரை மாதிரியே குள்ளமான, கூன் விழுந்த உருவம். ஆனா க்வேக்கர் கூட்டங்கள்ல மதிப்போட பேசுறவங்க, ஊர் ஊரா போய் பேசினவங்க. ரெண்டு பேரும் கப்பலேறி கரீபியன் பகுதியில இருக்கிற பார்படோஸ் தீவுக்குப் போய் பிரிட்ஜ்டவுன் துறைமுகத்துப் பக்கம் சின்னதா ஒரு கடை போட்டாங்க.

பார்படோஸ்னா அப்போ கரும்பு. கரும்புன்னா அடிமைகள். ஆப்பிரிக்காவுல இருந்து கொண்டு வந்தவங்களை வேலை வாங்கியே சாகடிச்சுட்டு, அடுத்த கப்பல்ல வர்றவங்களை வாங்கிப் போடறது தான் அங்க பிசினஸ் மாடல். பசியில காய்ஞ்சு போன அடிமைகள் லேயோட கடைக்கு வந்து கையில கிடைச்சதை எடுத்துட்டு ஓடுவாங்க. ஆரம்பத்துல லே அவங்களை அடிச்சிருக்கார். இதை அவரே பிற்காலத்துல வெட்கப்பட்டு ஒப்புக்கறார். அவர் மேல எனக்கு நம்பிக்கை வந்த இடமே இதுதான். அப்புறம் அவருக்கு மெல்ல விஷயம் புரிய ஆரம்பிக்குது. புருஷனும் பொண்டாட்டியும் வீட்டுலயே சாப்பாடு போட ஆரம்பிக்கறாங்க. வர்ற கூட்டம் நூத்துக்கணக்குல ஆகுது. தோட்ட முதலாளிகளுக்கு எரிச்சல்.

இங்க வரைக்கும் பார்த்தா என் தீர்ப்பு தான் ஜெயிக்குது. உதவி, நேரடியான உதவி, சோறு.

ஆனா அங்க பீப்பாய் செய்யற அடிமை ஒருத்தர் இருந்தார். லேக்கு நல்லா பழக்கம். அந்த ஆளோட முதலாளிக்கு ஒரு வழக்கம், திங்கக்கிழமை காலைல தன்கிட்ட இருக்கிற அடிமைகள் எல்லாரையும் சாட்டையால அடிக்கறது. தப்பு பண்ணினவங்களை மட்டும் இல்லை, எல்லாரையும். வாரம் முழுக்க பயம் இருக்கணும்னு. அந்தத் தீவுல அடிமைகளுக்கு ஓய்வு நாள் ஞாயிறு தான். ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி, அடுத்த நாள் காலைச் சாட்டைக்கு முன்னாடி, அந்த மனுஷன் தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டார்.

லே இதை இருபது வருஷம் கழிச்சும் மறக்காம எழுதி வெச்சிருக்கார். படிச்சப்போ எனக்கு ஒரு கேள்வி தான் வந்தது. அத்தனை பேருக்குப் போட்ட அத்தனை சாப்பாடும் திங்கக்கிழமை காலையை ஒரு மணி நேரமாவது தள்ளி வெச்சுதா?

இன்னொரு சம்பவம். ஸ்பைட்ஸ்டவுன் என்ற ஊர்ல ஒரு க்வேக்கர் வீட்டுக்கு சாரா போறாங்க. வாசல்ல ஒரு ஆப்பிரிக்கரை ஆடை இல்லாம சங்கிலியில தொங்க விட்டிருக்காங்க, கீழே ரத்தம் தேங்கி நிக்குது. என்னன்னு கேட்டா, ஓடிப்போனான், அதான் தண்டனைங்கறாங்க அந்த வீட்டுக்காரங்க. அவங்க மீட்டிங் தவறாதவங்க. அமைதியா பெஞ்சுல உக்கார்றவங்க. போரே கூடாது, எந்த மனுஷன் மேலயும் கை வைக்கக் கூடாதுங்கறது அந்த சபையோட கொள்கை!

ஒன்றரை வருஷத்துல லே தம்பதி அந்தத் தீவை விட்டுக் கிளம்பிட்டாங்க. இங்கிலாந்துல கொஞ்ச வருஷம் அங்கிருந்த சபைகளோட சண்டை. லே எழுந்து போதகர்களையே நேருக்கு நேரா திட்டற ஆள், அதனால ரெண்டு இடத்துல கைகழுவப்பட்டார். 1732ல் அமெரிக்காவுக்கு, பிலடெல்பியாவுக்கு வந்து சேர்ந்தாங்க. வில்லியம் பென் உருவாக்கின மாகாணம், க்வேக்கர்களோட கனவு ஊர். அங்கேயும் சபைத் தலைவர்கள் பலர் அடிமைகளை வெச்சிருந்தாங்க. 1735ல் சாரா இறந்துட்டாங்க. அதுக்கு அப்புறம் லேக்கு பிடிச்சு நிறுத்த ஆளே இல்லை.

லே வர்றதுக்கு முன்னாடியே இந்த விஷயம் சபையில எழுந்திருக்கு. 1688ல் ஜெர்மன்டவுன்ல நாலு பேர் சேர்ந்து ஒரு மனு எழுதினாங்க. நம்மள யாராவது இப்படி பிடிச்சு வித்தா நமக்கு எப்படி இருக்கும், அதையே எப்படி அடுத்தவனுக்குப் பண்றோம்னு நேரடியா கேட்ட மனு. வட அமெரிக்க ஆங்கிலேயக் காலனிகள்ல அடிமை முறைக்கு எதிரா எழுதப்பட்ட முதல் மனுன்னு இதைச் சொல்வாங்க. அதுக்கு என்ன ஆச்சு? மாதக் கூட்டம், இது பெரிய விஷயம், எங்களால முடியாதுன்னு காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பிச்சு. அவங்களும் அதையே சொல்லி பர்லிங்டன்ல நடந்த ஆண்டுக் கூட்டத்துக்கு அனுப்பினாங்க. ஆண்டுக் கூட்டம் இப்போதைக்கு முடிவு எடுக்கறது பொருத்தமில்லைன்னு ஓரமா வெச்சுடுச்சு. நம்ம ஆபீஸ்ல ஒரு டிக்கெட்டை இந்த டீம் அந்த டீமுக்கு அசைன் பண்ணி, கடைசியில யாரும் தொடாம அப்படியே கிடக்குமே, அதே தான். அந்தக் காகிதம் மறுபடி கண்ணுல பட்டது 1844ல்.

1729ல் ரால்ஃப் சாண்டிஃபோர்டு என்ற வியாபாரி ஒரு புத்தகம் போட்டார். அவரையும் கைகழுவினாங்க. நொந்து போய் 1733ல் செத்துப் போனார். அவரோட கடைசிக் காலத்துல லே போய்ப் பார்த்திருக்கார்.

மனு எழுதிப் பார்த்தாச்சு, புத்தகம் போட்டுப் பார்த்தாச்சு. லே வேற வழியில இறங்கினார். ஒரு பனிக்கால ஞாயிறு, மீட்டிங் வாசல்ல வெறுங்கால ஆழமான பனிக்குள்ள வெச்சுக்கிட்டு நின்னார். உள்ள போறவங்க பதறி, உடம்பு கெட்டுடும் பெஞ்சமின், உள்ள வான்னாங்க. என் மேல இவ்ளோ பரிதாபப்படறீங்களே, குளிர்காலம் பூரா அரைகுறை துணியோட உங்க வயல்ல நிக்கறவங்க மேல அது ஏன் வரலைன்னு கேட்டார். இன்னொரு நாள் மீட்டிங்ல இருந்து அவரைத் தூக்கி வெளியே தெருவுல போட்டாங்க. மழை. எழுந்து போகல. கூட்டம் முடிஞ்சு வர்ற ஒவ்வொருத்தரும் தன்னைத் தாண்டித் தான் போகணும்னு வாசல்லயே, சேத்துலயே படுத்துக் கிடந்தார்.

உச்சக்கட்டம் 1738 செப்டம்பர். பர்லிங்டன், ஆண்டுக் கூட்டம். அம்பது வருஷத்துக்கு முன்னாடி அந்த மனு ஓரம் கட்டப்பட்ட அதே ஊர். லே பெரிய கோட்டு போட்டுக்கிட்டு வந்து உக்கார்றார். கோட்டுக்குள்ள ராணுவ உடை, இடுப்புல வாள். கையில ஒரு தடிப் புத்தகம், பைபிள் மாதிரி. உள்ள குடைஞ்சு, ஒரு மிருகத்தோட நீர்ப்பையில காட்டுப்பழச் சாறு நிரப்பி வெச்சிருக்கார். ரத்தச் சிவப்பு. பேச எழுந்தவர் கோட்டைக் கழட்டி வீசினார். சண்டையே பாவம்னு சொல்ற கூட்டத்துக்கு நடுவுல ஒரு சிப்பாய்! சக மனுஷனை அடிமையா வெச்சிருக்கறவனோட ரத்தத்தை ஆண்டவர் இப்படித்தான் சிந்துவார்னு சொல்லி வாளை புத்தகத்துல சொருகினார். சிவப்புச் சாறு பக்கத்துல இருந்தவங்க மேல எல்லாம் தெறிச்சுது. சில பேர் மயங்கி விழுந்ததா சொல்றாங்க. லே ஓடல. அசையாம நின்னார், தூக்கிட்டுப் போனாங்க.

அந்தக் கூட்டத்துக்கு முந்தின வருஷம், 1737ல், அடிமை வெச்சிருக்கறவன் எவனா இருந்தாலும் அவன் மதத்துரோகின்னு அடிச்சுச் சொல்ற புத்தகம் ஒண்ணு எழுதியிருந்தார். அச்சடிச்சது யார் தெரியுமா? பெஞ்சமின் ஃபிராங்க்ளின். அச்சகத்தோட பேரை மட்டும் எங்கேயும் போடல, விவரமான ஆள். அவர் வீட்டுலயே அடிமைகள் இருந்தாங்க என்பது தனிக் கதை. சபை, இந்தப் புத்தகத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லைன்னு பத்திரிகையில விளம்பரம் குடுத்துச்சு. பிலடெல்பியா, அபிங்டன் சபைகளும் கைகழுவின. ஆக மொத்தம் நாலு.

போகிற போக்குல ஒரு விஷயம். 1740கள்ல அந்த ஆண்டுக் கூட்டத்தோட எழுத்தரா, அதாவது ஊரோட மனசாட்சியை எழுதி வைக்கிற ஆளா இருந்தவர் ஜான் கின்சி. மாகாண சட்டசபைக்கு சபாநாயகர், தலைமை நீதிபதி எல்லாம் அவர்தான். 1750ல் அவர் இறந்த பிறகு கணக்கைப் பார்த்தா, மாகாணக் கடன் அலுவலகத்துப் பணத்துல பெரிய ஓட்டை. அந்தச் சபையில நீடிக்கறதுக்கு எது தகுதி, எது குற்றம்னு இதை வெச்சு நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

இப்போ எனக்குப் புரியாம இருந்த விஷயத்துக்கு வர்றேன். நாலு இடத்துல துரத்தின ஒரு ஆள் என்ன பண்ணியிருக்கணும்? போங்கடா நீங்களும் உங்க மீட்டிங்கும்னு கிளம்பியிருக்கணும். நானா இருந்தா அதைத்தான் பண்ணுவேன். லேக்கு சபை இல்லாமலே வாழற தெம்பும் இருந்தது. அபிங்டன்ல ஒரு குகை மாதிரி வீட்டுல இருந்தார். புத்தகங்கள், தேனீக்கள், தோட்டம். சர்க்கரை தொட மாட்டார், அது அடிமை ரத்தம்னு. இறைச்சி இல்லை. தோல், கம்பளி எதுவும் போட மாட்டார், தன் துணிக்கு நூல் தானே நூத்துக்குவார். தனி மனுஷனா சுத்தமா வாழணும்னா அதுக்கு மேல ஒண்ணும் பாக்கி இல்லை.

ஆனா மனுஷன் மீட்டிங்குக்குப் போறதை மட்டும் விடவே இல்லை. கைகழுவப்பட்டவங்க நிர்வாகக் கூட்டத்துல கலந்துக்க முடியாது, வழிபாட்டுக்கு வரத் தடை இல்லை. வந்தார், வாராவாரம் வந்தார். தூக்கி வெளியே போட்டா அடுத்த வாரமும் வந்தார்.

ஒரு காரணம் ரொம்ப எளிமையானது, அவர் விசுவாசி. அந்த மௌனத்துல ஆண்டவர் பேசுவார்னு நிஜமாவே நம்பினவர். நம்மள மாதிரி வெளியே இருந்து பார்க்கறவங்க இதைச் சட்டுன்னு தாண்டிப் போயிடறோம். இன்னொரு காரணம், அந்தப் பெஞ்சுகள்ல உக்காந்திருந்தவங்க யாருன்னு பார்த்தா தெரியும். அடிமையை வாங்கினவன், வித்தவன், உயில்ல பிள்ளைக்கு எழுதி வெச்சவன், எல்லாரும் ஞாயித்துக்கிழமை அங்க தான் ஒரே கூரைக்கு அடியில இருந்தாங்க. பார்படோஸ்ல லே சாப்பாடு போட்டது அடிபட்டவங்களுக்கு. திங்கக்கிழமை சாட்டையை நிறுத்தணும்னா பேச வேண்டியது அடிக்கறவன்கிட்ட. ஓட்டெடுப்பு இல்லாத கூட்டம் வேற. அடிமை வெச்சிருக்கறவனோட மனசும் மாறாம அந்தச் சபையில எதுவுமே மாறாது. அப்போ அந்த அறைக்குள்ள இருக்காம வேற எங்க போய் இருக்கறது?

லே ஒருத்தரே மாத்திட்டார்னு சொன்னா அது சினிமா. ஜான் வூல்மன் என்ற தையல்காரர் அவருக்கு நேர் எதிர் குணம். கத்த மாட்டார். அடிமை வெச்சிருக்கறவங்க வீட்டுக்கே போய் உக்காந்து மெதுவா பேசுவார், அந்த வீட்டுல தனக்கு வேலை செஞ்ச அடிமைக்குக் காசு குடுத்துட்டு வருவார். அதைப் பார்க்கற வீட்டுக்காரனுக்கு எவ்ளோ கூச்சமா இருந்திருக்கும்! 1750கள்ல எல்லைப் போர் வந்து, க்வேக்கர் தலைவர்கள் பலர் சட்டசபையை விட்டு விலக வேண்டி வந்தப்போ, நாம எங்க தப்பு பண்ணினோம்னு சபையே தன்னைத்தானே நோண்டிப் பார்க்க ஆரம்பிச்சுது. எல்லாம் சேர்ந்து 1758ல், அடிமைகளை வாங்கறவங்க, விக்கறவங்க இனி நிர்வாகக் கூட்டங்கள்ல உக்காரக் கூடாது, வெச்சிருக்கறவங்க வீட்டுக்குக் குழு போய்ப் பேசணும்னு ஆண்டுக் கூட்டம் முடிவெடுத்தது. எழுபது வயசைத் தாண்டின லேகிட்ட ஒருத்தர் போய்ச் செய்தி சொல்ல, எழுந்து ஆண்டவருக்கு நன்றி சொல்லிட்டு, இனி நிம்மதியா சாவேன்னாராம். அடுத்த வருஷம், 1759 பிப்ரவரியில் இறந்தார்.

1776ல் ஆண்டுக் கூட்டம் ஒரு படி மேல போச்சு. அடிமையை விடுவிக்க மறுக்கிறவன் எங்க ஆள் இல்லை. லேயைத் துரத்தின அதே ஆயுதம்!

அவரைக் கைகழுவின நாலு சபைகளும் 2018க்குள்ள, அவர் பக்கம் தான் நியாயம்னு பதிவு பண்ணிட்டாங்க. அபிங்டன்ல அவருக்கும் சாராவுக்கும் 2018ல் ஒரு கல்லு வெச்சாங்க.

ரூம்மேட்கிட்ட இதெல்லாம் சொன்னேன். "அப்ப எங்கம்மா சொல்றது சரிங்கறியா?"ன்னான். அப்படியும் சொல்ல முடியல. அந்த ஸ்பைட்ஸ்டவுன் வீட்டுக்காரங்க ஒரு வாரம் கூட மீட்டிங்கை விட்டிருக்க மாட்டாங்களே. "கணக்கு சொல்லிக் குடுக்கறியே, அந்தப் பிள்ளைங்களை ஸ்கூல்ல சேர்க்க யார்கிட்ட பேசணும்? அந்த ஆள் ஞாயித்துக்கிழமை எங்க உக்காந்திருப்பாரு?"ன்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லாம சார்ஜரைத் தேட ஆரம்பிச்சுட்டான்.

அவன்கிட்ட சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு. அடிமைகளை விடுவிச்ச பிலடெல்பியா சபை அவங்களைத் தங்கள்ல ஒருத்தரா சேர்த்துக்கிச்சான்னா, பெரும்பாலும் இல்லை. கருப்பர்களுக்குத் தனி பெஞ்சு. பள்ளிக்கூடம் நடத்திக் குடுத்தாங்க, உதவிகள் பண்ணினாங்க, பக்கத்துல மட்டும் உக்கார விடல. கிரேஸ் டக்ளஸ் என்ற கருப்பினப் பெண்மணி பிலடெல்பியாவின் ஆர்ச் தெரு மீட்டிங்குக்குத் தொடர்ந்து போனவங்க. 1833ல் அந்த ஊர்ல பெண்களுக்கான அடிமை எதிர்ப்புச் சங்கத்தைத் தொடங்கினவங்கள்ல அவங்களும் அவங்க மகள் சாரா மாப்ஸ் டக்ளஸும் உண்டு. உதவி செய்யறதுல யாருக்கும் சளைச்சவங்க இல்லை. மகள் டீச்சர். இந்தப் பெஞ்சு கருப்பர்களுக்குன்னு சின்ன வயசுல காதால கேட்டு வளர்ந்தவங்க, வெறுத்துப் போய் ஆர்ச் தெருப் பக்கம் போறதையே நிறுத்திட்டாங்க. அம்மா நிறுத்தல. 1830கள்ல எழுதின ஒரு கடிதத்துல மகள் இதைச் சொல்றாங்க. தான் போய் வருஷக்கணக்கு ஆச்சு, ஆனா அம்மா வாரத்துக்கு ஒரு தடவை போறாங்களாம். பல நாள் அந்த நீளப் பெஞ்சு முழுக்க அவங்க ஒருத்தர் மட்டும் தான் உக்காந்திருப்பாங்களாம்.